ஈசானி மூலை மண்

எங்கள் தோட்டத்து மண் செத்துப்போய்விட்டது என்று ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். என் மச்சாண்டார் கையில் மண் பரிசோதனைத் தாள் இருந்தது. தாளில் எண்கள் இருந்தன, முத்திரையும் இருந்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான் சொல்வேன்.

தோட்டம் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூர் தாண்டி, முக்கொம்பு போகிற பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவில் நாங்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான நிலம், இன்னும் பாகம் பிரிக்கவில்லை. அண்ணன்தான் என் மச்சாண்டார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். எப்போதும் பூவன் வாழைதான் போடுவோம். தார் எல்லாம் காந்தி மார்க்கெட்டுக்குப் போகும், முதல் தார் மட்டும் போகாது. அது ஸ்ரீரங்கம் கோயில் தாயார் சன்னதிக்கு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தத் தாரோடு கோயிலுக்குப் போகிறவள் நான்தான்.

அந்த வருஷம் வந்த முதல் தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காய் ஒவ்வொன்றும் விரல் மாதிரி ஒல்லி. சீப்புக்கும் சீப்புக்கும் நடுவே வெறும் தண்டு தெரிந்தது. அதற்கு முந்தின போகத்திலேயே குருத்து குறுகி வந்ததையும், இலையில் வெளுத்த கோடு கோடாக ஓடியதையும் நாங்கள் பார்த்தோம். பார்த்துவிட்டு என்ன செய்தோம்? டி.ஏ.பி. உர மூட்டையை இன்னும் ஒன்று கூட்டிப் போட்டோம். பக்கத்துத் தோட்டத்திலும் அதைத்தான் செய்தார்கள்.

"இதைக் கொண்டுபோய் தாயார் முன்னாடி வைக்கறதா? மார்க்கெட்ல நல்ல தாரா ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாங்கிக் கொடுக்கறதுக்கு நாம என்ன பழக்கடையா வச்சிருக்கோம்? விளைஞ்சது இதுதான். இதைத்தான் கொடுப்பேன்."

"பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். தாயாருக்குத் தெரியாம எதையாவது மறைக்க முடியுமா?"

அந்த ஒல்லித் தாரைத்தான் கொண்டுபோனேன். சன்னதியில் நின்று, "நீ கொடுத்த மண்ணில் இவ்வளவுதான் வந்தது. ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்று கேட்டேன். பணிவாகக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் நிலத்தை வாங்கி மனை போட்டு விற்கிறவர் ஒருவர் வர ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். ரோடு ஓரமாக இருப்பதால் எங்கள் நிலம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. மச்சாண்டாருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அவருடைய பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், திரும்பி வந்து வாழைக்கட்டை நடப்போவதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. இரண்டு போகம் நஷ்டப்பட்ட மனுஷர் வேறு என்ன யோசிப்பார்? ஆனால் அவர் நியாயஸ்தர். தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்:

"தம்பி, நான் சொல்லி விக்க வேண்டாம், நீ சொல்லி வச்சுக்க வேண்டாம். மண்ணை எடுத்து டெஸ்ட்டுக்குக் கொடுப்போம். மண்ணு நல்லா இருக்குன்னு வந்தா பயிர் பண்ணுவோம். கெட்டுப்போச்சுன்னு வந்தா கொடுத்துடுவோம். சரியா?"

"சரிண்ணே" என்றார் இவர்.

பெருமாள் படத்துக்கு முன்னால் நின்றுதான் பேசினார்கள். அதனால் அது வெறும் பேச்சில்லை. அந்த வாக்கை மீறச் சொல்ல எனக்கும் வாய் வராது.

நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து மச்சாண்டார் தோட்டத்துக்குப் போனார். நாங்களும் போனோம். நேராக ஈசானி மூலைக்குப் போனார். வடகிழக்கு மூலை. எங்கள் பக்கத்தில் எந்த நல்ல காரியத்தையும் அங்கேதான் ஆரம்பிப்போம். முதல் ஏர் அங்கே பூட்டுவோம், முதல் கட்டை அங்கே நடுவோம், தைப்பொங்கல் அங்கே வைப்போம். அவர் சூடம் ஏற்றினார், தேங்காய் உடைத்தார், மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினார். வந்த மண்ணை மஞ்சப்பையில் போட்டுக் கட்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். யாருக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை.

அந்த மண்ணுக்கு வந்த தாள்தான் கூடத்தில் மச்சாண்டார் கையில் இருந்தது.

"உப்பு ரொம்ப அதிகமாம். காரமும் அதிகமாம். களர் மண்ணுன்னே எழுதிட்டான். மண்ணே சொல்லிடுச்சு தம்பி. இனிமே நாம என்ன சொல்றது?" என்றார்.

நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உப்பு என்ற வார்த்தை என்னை உறுத்தியது. தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நான் குடிக்கிறேன், அந்த மண்ணில்தான் கீரை போடுகிறேன். எங்கே இருக்கிறது உப்பு? அப்போதுதான் அந்த மூலை என் கண் முன்னால் வந்தது. அதைக் கூட்டிப் பெருக்குகிறவள் நான். வருஷா வருஷம் பொங்கல் அடுப்புச் சாம்பலை அங்கேயே தள்ளுகிறவளும் நான். வாழைச் சருகை எல்லாம் அங்கே குவித்துத்தான் கொளுத்துவோம். அதோடு, நல்ல மூலை, தண்ணீர் தேங்காது என்று உர மூட்டை வைக்கிற கொட்டகையையும் அங்கேதான் போட்டிருக்கிறோம். ஓட்டை மூட்டையிலிருந்து சிந்துகிற யூரியாவும் பொட்டாஷும் அந்த மண்ணில்தான் கலக்கும்.

"மாமா, அது தோட்டத்து மண்ணே இல்லையே" என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். "அப்ப அது யாரு மண்ணு?"

"அது சாம்பலும் சிந்தின உரமும். மொத்த நிலத்துக்கும் அந்த ஒரு வெட்டு எப்படி சாட்சி சொல்லும்?"

"ஏம்மா, ஈசானி மூலை மண்ணைப் போயி கெட்ட மண்ணுங்கறியா? நீ தினம் விளக்கேத்தற பொண்ணு. வாயில இப்படியா வரணும்?"

"கெட்டதுன்னு சொல்லலை மாமா. அது பெருமாளுக்குக் கொடுத்த இடம். நெத்தியில இட்டிருக்கற திருமண்ணைச் சுரண்டிக் கொடுத்து ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கன்னா பண்ணுவாங்களா?"

என் வீட்டுக்காரர் தலையை இன்னும் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். மச்சாண்டார் சிரிக்கவில்லை.

"வாக்குக் கொடுத்தாச்சு. தாள் வந்தாச்சு. தோத்தவங்க ஆட்டத்தை மறுபடி ஆடணும்னு கேக்கக் கூடாது" என்று எழுந்து போய்விட்டார்.

நான் விடவில்லை. மறுநாள் காலையில் பூஜையை முடித்துவிட்டு, அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். இவர் கூட வரவில்லை. "அண்ணனுக்குத் தெரிஞ்சா சங்கடம்" என்றார். "தெரியட்டும், நான் திருடவா போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அங்கே இருந்த பெண் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கேர்ந்து எடுத்தீங்க?" என்றார். சொன்னேன். சூடம் ஏற்றியதையும் சேர்த்தே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பேனாவைக் கீழே வைத்தார்.

"அக்கா, நாங்க மண்ணுக்கு ஜாதகம் பாக்கறதில்லை. பையில என்ன வருதோ அதுக்குத்தான் சொல்ல முடியும். சாம்பல் வந்தா சாம்பலைப் பத்திச் சொல்லுவோம்."

"அப்ப எப்படி எடுக்கணும்?"

வரப்போரம், மரத்தடி, எருக்குழி, உரம் வைக்கிற இடம், இவை எதிலும் எடுக்கக் கூடாது என்றார். நிலம் முழுக்க வளைந்து வளைந்து நடந்து பல இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். உரம் போட்ட கையோடு எடுக்கவே கூடாது. ஒரு காகிதத்தில் படமும் போட்டுக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது கேட்டேன்: "ஒருவேளை மறுபடியும் இதே மாதிரி வந்தா?"

"வந்தா வந்ததுதான் அக்கா" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. தேன் தடவிப் பேசவில்லை.

அன்று சாயங்காலமே மச்சாண்டார் வீட்டுக்குப் போனேன். அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டவுனுக்குப் போயிட்டு வந்தியாமே. கலெக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்றார்.

"மறுபடி மண்ணு எடுக்கணும் மாமா. நீங்கதான் எடுக்கணும்."

"நானா?"

"நான் எடுத்தா, பாத்துப் பாத்து நல்ல மண்ணா பொறுக்கிக் கொடுத்துட்டான்னு ஆயிடும். உங்க கையால வெட்டுங்க. எங்க வெட்டணும்னு மட்டும் இந்தக் காகிதம் சொல்லட்டும்."

எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்திவைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அதுவும் கெட்டதுன்னு வந்தா?"

"நீங்க எங்க கையெழுத்து கேக்கறீங்களோ அங்க இவரைப் போடச் சொல்றது என் பொறுப்பு. அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நீயா? பேசாம இருப்பியா?" என்று கேட்டுவிட்டு, முதல் முறையாகச் சிரித்தார். "சரி, வரேன்."

சொல்லிவிட்டு வந்தேனே தவிர, அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அந்த நிலம் போனால் இவர் என்ன செய்வார்? இன்னொருத்தர் கடையில் போய் நிற்பாரா? எனக்கு வேறு எந்த மண்ணைத் தெரியும்? சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். நல்ல மண் என்று வரட்டும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. "உள்ளது எதுவோ அது வரட்டும். நீ ஒளித்துவைக்க வேண்டாம், நானும் ஒளித்துவைக்க மாட்டேன்" என்று பெருமாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். பிரசாதப் புளியோதரையை நடையிலேயே சாப்பிட்டு முடித்தேன்.

மண் எடுக்கப் போன அன்றும் ஈசானி மூலையில் சூடம் ஏற்றினேன். இல்லாவிட்டால் மச்சாண்டார் ஒரு அடி எடுத்து வைத்திருக்க மாட்டார். நானும் வைத்திருக்க மாட்டேன். கும்பிட்டுவிட்டு, "இப்ப வாங்க" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையில் ஒரு காலி யூரியா சாக்கு இருந்தது.

"அது எதுக்கு மாமா?"

"மண்ணைப் போட வேண்டாமா?"

"யூரியா சாக்குல போட்டா யூரியாதான் பேசும். பக்கெட் கழுவிக் கொண்டாந்திருக்கேன்."

"தம்பி, உன் பொண்டாட்டி மண்ணுக்கு மடி ஆசாரம் பாக்கறா" என்றார் இவரைப் பார்த்து.

"எனக்கும் அப்படித்தாண்ணே. அடுப்படிக்குள்ளயே விட மாட்டேங்கறா" என்றார் இவர்.

மேலே கிடந்த சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். அந்த மண்ணை எடுக்கக் கூடாது. குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழ் வரை ஒரு வில்லையாகச் சீவி எடுக்க வேண்டும். மச்சாண்டாருக்கு முழங்கால் வலி. ஆனாலும் மண்வெட்டியை இவரிடம் கொடுக்கவில்லை. வளைந்து வளைந்து நடந்தோம். நாலைந்து குழிக்கு அப்புறம் அவர் கேலி பேசுவதை நிறுத்திவிட்டார். தோட்டத்தின் நடுவில் ஒரு இடத்தில் குழியையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மண்புழு இல்லையே" என்றார். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு பாகமாகக் கோடு கிழித்து, எதிரெதிர் பாகம் இரண்டைத் தள்ளிவிட்டோம். மீதியை மறுபடி பரப்பி மறுபடி தள்ளினோம். கடைசியில் அரைக் கிலோ மிஞ்சியது. வீட்டில் பழைய வேட்டியை விரித்து நிழலில் உலர்த்தினேன். வந்தவர் போனவர் எல்லாம் என்ன இது என்று கேட்டார்கள். "அப்பளம்" என்றார் இவர்.

இரண்டாவது தாள் வந்தபோதும் அதே கூடம், அதே மூன்று பேர். இந்த முறை நான் அடுப்படி வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தேன். மச்சாண்டார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். உப்பு இல்லை. காரம் கொஞ்சம், பயப்படுகிற அளவுக்கு இல்லை. தழைச்சத்து குறைவு. மக்குப் பொருள் மிகக் குறைவு. துத்தநாகம் குறைவு. சாம்பல் சத்து நடுத்தரம். மணிச்சத்து அதிகம், ரொம்பவே அதிகம்.

தாளை மடியில் வைத்தார். "குறைவு, குறைவு, குறைவுன்னுதானே போட்டிருக்கு? நல்லா இருக்குன்னு எங்க இருக்கு?"

"குறைவுன்னா பசி மாமா. பசிச்சவனுக்குச் சோறு போடணும், பாடை கட்டக் கூடாது."

"இத்தனை வருஷமா மூட்டை மூட்டையா போட்டோமே, அது சோறு இல்லாம என்ன?"

"அது ஒரே பதார்த்தம். மணிச்சத்து அதிகம்னு வந்திருக்கே, அதெல்லாம் நாம போட்ட டி.ஏ.பி. ஒரு பிள்ளைக்கு வருஷம் பூரா ஊறுகாயை மட்டும் போட்டு வளத்தா எப்படி இருக்கும்? இலை வெளுத்தது துத்தநாகம் இல்லாம. நாம அதுக்கும் டி.ஏ.பி.யையே கொட்டினோம். அது கூடக் கூட, இருக்கற துத்தநாகத்தையும் வேர் எடுக்க முடியாதாம். தாள் கைக்கு வந்ததுமே, டெஸ்ட் பண்ற அந்தப் பொண்ணுக்கு இவர் போனைப் போட்டுக் கேட்டாச்சு."

மச்சாண்டார் தம்பியைப் பார்த்தார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அண்ணன் முன்னால் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஆமாண்ணே, கேட்டேன். இந்தப் போகம் டி.ஏ.பி. வேண்டாம்னாங்க. தழை உரத்துக்காகச் சணப்பு விதைச்சு, பூக்கற சமயத்துல மடக்கி உழணும். தொழு உரம் போடணும். துத்தநாக சல்பேட் கொஞ்சம். யூரியாவும் பொட்டாஷும் ஒரேயடியா கொட்டாம பிரிச்சுப் பிரிச்சு வைக்கணும். அவ்வளவுதான். மண்ணு கெடலைண்ணே. வாக்குப்படி பயிர்தான் பண்ணணும்."

மச்சாண்டார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், "ஒரு போகம். அதுல தார் சரியா வரலைன்னா, தாளும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்" என்றார்.

சணப்பு விதைத்தோம். இடுப்புக்கு மேலே வளர்ந்து மஞ்சளாகப் பூவிட்டது. அதை அப்படியே மடக்கி டிராக்டரில் உழுதபோது ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். பூத்த பயிரை உழுகிறார்களே, இவர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று பக்கத்துத் தோட்டத்தில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரரும் வந்து வரப்பில் நின்றார்.

"என்னம்மா, சுத்தம் பண்றீங்களா? மனை அளக்கறதுக்கு வசதியா இருக்கும்" என்றார்.

"மண்ணுக்குச் சாப்பாடு போட்டுட்டு இருக்கோங்க. சாப்பிடற இடத்துல செருப்போட நிக்காதீங்க" என்றேன். அவர் காலைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார்.

வாழைக்கட்டை நட்டோம். நான் தினமும் குருத்தைத்தான் பார்த்தேன். வெளுத்த கோடு வருகிறதா, வருகிறதா என்று பார்ப்பதிலேயே மாதங்கள் போயின. ஒரு சில மரத்தில் வரவும் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பாக்கி எல்லாம் அகலமாக, பச்சையாக விரிந்தன. பூ தள்ளியபோது மச்சாண்டார் தினமும் வர ஆரம்பித்தார். முழங்காலுக்கு நடை நல்லது என்று டாக்டர் சொன்னாராம்.

முதல் தார் வெட்டிய அன்று காலையில் வெள்ளைக் காரும் வந்து நின்றது. எங்கள் தோட்டத்தில் அதை விடப் பெரிய தார்கள் முன்னே வந்திருக்கின்றன. இது நடுத்தரம்தான். ஆனால் சீப்பு நெருக்கமாக இருந்தது, காய்க்கு உடம்பு இருந்தது. மச்சாண்டார் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி தூக்கினார்.

"ஐயா, போகம் முடிஞ்சுதே. பேசிடலாமா?" என்றார் வந்தவர்.

மச்சாண்டார் தாரைக் கையில் பிடித்தபடியே என் பக்கம் தலையைக் காட்டினார். "அவளைக் கேளுங்க."

"பேசறதுக்கு ஒண்ணுமில்லைங்க. கோயிலுக்குக் கிளம்பிட்டு இருக்கோம்" என்றேன்.

தாரை ஆட்டோவில் ஏற்றும்போது மச்சாண்டாரும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் இதற்கு முன்னால் முதல் தாரோடு கோயிலுக்கு வந்ததில்லை. வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அடுத்த மண்ணு எப்ப எடுக்கணும்?"

"எல்லாத் தாரும் வெட்டினப்புறம், உரம் வைக்கறதுக்கு முன்னாடி. பக்கெட்ல."

"தெரியும், தெரியும். சாக்கு கொண்டுவர மாட்டேன்."

தாயார் முன்னால் தாரை வைத்துவிட்டு, "ஏன் என்று கேட்டேன், சொல்லிவிட்டாய்" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. மண்ணை மறுபடி கேட்டால்தான் தெரியும். வெள்ளைக் கார் இன்னும் அந்த ரோட்டில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. போகட்டும்.

உரக் கொட்டகையைப் பிரித்து ரோட்டோரம் மாற்றிப் போட்டுவிட்டோம். சருகையும் இப்போது கொளுத்துவதில்லை, மரத்தடியிலேயே மக்கவிடுகிறோம். ஈசானி மூலையைச் சாணம் தெளித்து மெழுகி வைத்திருக்கிறேன். அங்கே சூடம் ஏற்றலாம், பொங்கல் வைக்கலாம், கும்பிடலாம். ஒரு மூட்டை வைக்க யார் வந்தாலும் நான் விடமாட்டேன்.